துருக்கிச் செம்பு ஜெஸ்வே செட்: காபிக்கு முன்னால் ஈயத்தைப் பாருங்கள்

துருக்கிக் காபி போடும் செம்புச் செட் இப்போது நெல்லை வீடுகளில் அங்கங்கே தென்படுகிறது. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவருகிறார்கள். இணையத்தில் வரவழைப்பவர்களும் உண்டு. பெட்டிக்குள் இருப்பவை இவை: நீளக் கைப்பிடி வைத்த செம்புக் குடுவை ஒன்று, அதற்குத்தான் ஜெஸ்வே என்று பெயர், உருளை வடிவில் பித்தளைக் கை அரைப்பான், சாஸரோடு இரண்டு சின்னப் பீங்கான் கோப்பைகள், இனிப்பு வைக்க மூடி போட்ட செம்புக் கிண்ணம், எல்லாவற்றையும் அடுக்க ஒரு தட்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜெஸ்வே நல்ல பொருள், வாங்கலாம். அரைப்பான் பொறுமை உள்ளவர்களுக்கு. கிண்ணமும் தட்டும் கண்ணாடி அலமாரிக்கு. ஆனால் ஜெஸ்வேயைக் கையில் எடுத்ததும் எல்லோர் கண்ணும் போவது வெளிப்பக்கத்துச் சுத்தியல் கொத்து வேலைக்கு. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வெள்ளைப் பூச்சு. அது சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பேரன் பேத்தி காலம் வரை இந்தப் பாத்திரம் உழைக்கும். பூச்சே இல்லாமலோ, வேறு எதையோ பூசியோ வந்திருந்தால் அடுப்பில் ஏற்றக் கூடாது; சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் செம்பைப் பார்ப்போம். இங்கே எடுத்துக்கொண்ட ஜெஸ்வேக்கு அடி விட்டம் 7 செ.மீ., உயரம் 7.5 செ.மீ., கழுத்து 5.5 செ.மீ. விளிம்பு வரை ஊற்றினால் 250 மில்லி பிடிக்கும். ஆனால் நுரை எழும்ப இடம் வேண்டும் என்பதால் 150 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது. இரண்டு சின்னக் கோப்பைக்கு அது சரியான அளவு. நான்கு பேருக்கு வேண்டுமென்றால் பெரிய ஜெஸ்வே தனியாக வாங்க வேண்டும். பெரியதை வாங்கி அதில் ஒரு கோப்பை மட்டும் போடலாம் என்று நினைக்காதீர்கள். அகன்ற அடியில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவிச் சட்டென்று கொதித்துவிடும், நுரை சேராது.

தகட்டின் கனம்தான் அடுத்தது. இந்த அளவு குடுவை 1.5 மி.மீ. தகட்டில் செய்யப்பட்டிருந்தால், பித்தளைக் கைப்பிடியோடு சேர்த்து சுமார் 320 கிராம் இருக்கும். 0.8 மி.மீ. தகடு என்றால் 200 கிராமுக்குள் நின்றுவிடும். சமையலறைத் தராசு போதும், இதைக் கண்டுபிடிக்க. மெல்லிய தகட்டில் கேஸ் சுடர் படும் இடம் மட்டும் சூடேறி, அடியில் உள்ள தூள் தீய்ந்துபோகும். கனமான செம்பு சூட்டை அடி முழுக்கப் பரப்பிவிடும். எவர்சில்வரைவிடச் செம்பு ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால்தான் இந்தக் காபிக்குச் செம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காந்தத்தையும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமல், தூக்கினால் இறகு மாதிரி இருந்தால் அலுமினியம்.

கையால் அடித்ததா, அச்சில் அழுத்தியதா என்பதைச் சுத்தியல் தடம் காட்டிக்கொடுக்கும். அச்சுத் தடம் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், கோலப் புள்ளி மாதிரி வரிசையாக இருக்கும். கையால் அடித்ததில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், உள்பக்கமும் லேசாகத் தெரியும். செம்பை அடிக்க அடிக்க அது கடினமாகி விரிசல் விடப் பார்க்கும். அதனால் கன்னார் கொஞ்சம் அடித்ததும் தீயில் காட்டி இளக்கி, மீண்டும் அடிப்பார். இந்த நுணுக்கம் துருக்கி மண்ணில் மிகப் பழையது. தென்கிழக்கே தியார்பக்கிர் மாகாணத்தில் எர்கானி ஊருக்கு அருகே சாயோனு என்ற மேடு இருக்கிறது. 1964-இல் தொல்லியலாளர்கள் ஹாலெத் சாம்பெல், ராபர்ட் பிரைட்வுட் இருவரும் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். மட்பாண்டம் கூடச் செய்யத் தெரியாத காலத்து மக்கள், 9,000 ஆண்டுகளுக்கும் முன்பே, மண்ணில் தானாகக் கிடைத்த செம்புக் கட்டியைத் தட்டியும் சுட்டும் மணியும் ஊசியும் செய்திருந்தது அங்கே வெளிப்பட்டது. எர்கானி வட்டாரம் செம்புச் சுரங்கத்துக்குப் பெயர்போனது. இன்றைக்கும் காசியான்தெப் நகரத்துச் செம்புக் கடைத்தெருவில் நடந்தால் தட்டும் சத்தம் ஓயாது.

கைப்பிடியை இரண்டு அல்லது மூன்று ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ஆணித் தலைகளை உள்பக்கமிருந்து பாருங்கள். தலையைச் சுற்றி இடுக்கு இருந்தால் காபித் தூள் போய் அடையும், பிறகு அங்கேதான் பச்சைக் களிம்பு முதலில் பிடிக்கும். ஆணித் தலை மேலும் ஈயம் ஏறியிருக்க வேண்டும்.

இப்போது ஈயத்துக்கு வருவோம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகத்துக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயம். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. காரீயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பார்வைக்கு இரண்டும் வெள்ளையாகத் தெரியும், புதிதாகப் பூசிய அன்றைக்கு. வெள்ளீயப் பூச்சு நாள்பட லேசான சாம்பல் நிறத்துக்குப் போகும், ஆனாலும் வெளிறிய பளபளப்பு இருக்கும். காரீயம் கலந்தது சில நாட்களிலேயே நீலம் பாய்ந்த கறுப்புச் சாம்பலாக மங்கும். எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் சால்டர் கம்பி வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 60-க்கு 40 என்ற கலவை 190 டிகிரிக்குள் உருகிவிடும், விலையும் மலிவு. பூசுகிறவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை எடுத்துவிட்டால் போயிற்று. அலங்காரத்துக்கு மட்டும் என்று குறிப்பு ஒட்டி வரும் ஜெஸ்வேயில் என்ன பூசியிருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் குறிப்பு இருந்தால் காபிக்கு வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பூச்சு இல்லாத வெறும் செம்பும் ஆகாது. காபி லேசான புளிப்பு உள்ளது. சூட்டோடு செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். குமட்டல், வயிற்றுப் போக்கு, நாக்கில் நாணயத்தைச் சப்பியது போன்ற ருசி எல்லாம் அதனால் வருவது. பித்தளைச் சருவத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

செம்பும் வெள்ளீயமும் ஒன்றையொன்று தேடிப் போன கதை துருக்கித் தொல்லியலில் முக்கால் பங்கு என்றே சொல்லலாம். கைசேரி நகரத்துக்குப் பக்கத்தில் குல்தெபே என்ற மேட்டில், பழைய கனேஷ் நகரத்தில், 20,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அசூர் நகர வணிகர்கள் எழுதிவைத்த கணக்கும் கடிதமும் அவை. இன்றைய இராக்கிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தூரம் கழுதை மேல் வெள்ளீயத்தையும் துணியையும் ஏற்றிவந்து வெள்ளிக்கும் பொன்னுக்கும் விற்றிருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கழுதை வழியில் செத்தது என்பது வரை அதில் இருக்கிறது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2015-இல் இடம்பெற்றவை இந்தப் பலகைகள்.

இன்னொரு சான்று கடலுக்கடியில் கிடைத்தது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பது போல அங்கே கடற்பஞ்சு எடுக்க மூழ்குவார்கள். மெஹ்மெத் சாக்கிர் என்ற அப்படியொரு குளியாள் 1982-இல் காஷ் ஊருக்கு அருகே உலுபுருன் முனையடியில், காது வைத்த பிஸ்கெட் மாதிரி உலோகக் கட்டிகளைப் பார்த்ததாகச் சொன்னார். 1984 முதல் 1994 வரை தொல்லியலாளர்கள் மூழ்கி மூழ்கி எடுத்தார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல் அது. உள்ளே சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். வெண்கலம் வார்க்க வேண்டிய பத்துக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தச் சரக்கை இப்போது போத்ரும் நகர நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நெல்லையிலிருந்து 24 கி.மீ. தள்ளி ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளோடு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த வெண்கலக் கிண்ணங்களிலும் வெள்ளீயம் தூக்கலாகக் கலந்திருக்கிறது. தாமிரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஆற்றின் கரையில் இருந்துகொண்டு, நாம் இந்த இரண்டு உலோகத்தையும் பிரித்து அறியாமல் பாத்திரம் வாங்கலாமா?

புது ஜெஸ்வேயை நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். கடையில் கறுக்காமல் இருக்க வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் வார்னிஷ் அடித்திருப்பார்கள். சுடர் பட்டால் அது கருகி நாறும், திட்டுத் திட்டாகப் பழுப்பு ஏறும். ஒரு பெரிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு, ஜெஸ்வேயை முழுக்க மூழ்கவைத்து 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வார்னிஷ் தோல் மாதிரி உரியும். பிறகு கழுவி, உள்ளே வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு முறை கொட்டிவிட்டால் பாத்திரம் தயார்.

கேஸ் அடுப்பில் இது நிற்காது. ஏழு செ.மீ. அடிக்கு நம் அடுப்புக் கம்பிகளின் இடைவெளி அதிகம். ஒரு பக்கம் சாய்ந்து, நீளக் கைப்பிடியின் கனத்தால் கவிழும். சப்பாத்தி சுடும் கம்பி வலையைச் சின்ன பர்னர் மேல் போட்டு அதன்மேல் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு செம்பைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. உண்மையில் இந்தப் பாத்திரம் தணலுக்காகப் பிறந்தது. ஜெஸ்வே என்ற பெயரே தணல் துண்டைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சூடான மணலில் புதைத்துக் காபி போடுவதும் அங்கே உண்டு. கடலை வறுக்கும் வண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்குவாரே, அதே முறைதான். சலித்துக் கழுவிக் காயவைத்த மணலை ஐந்து செ.மீ. உயரத்துக்கு இரும்புச் சட்டியில் நிரப்பி நன்றாகச் சூடேற்றி, ஜெஸ்வேயைப் பாதி புதைத்தால் அடியிலும் பக்கத்திலும் ஒரே சீராகச் சூடு ஏறும். ஆழமாகப் புதைத்தால் வேகம் கூடும், தூக்கினால் குறையும். இரண்டு பேருக்காக இவ்வளவு கேஸ் செலவழிப்பது வீண். விருந்து நாளில் பத்துப் பேருக்கு அடுத்தடுத்துப் போடும்போது மணலை மிஞ்ச எதுவும் இல்லை.

தூள் விஷயத்தில்தான் நம் ஊரில் முதல் தவறு நடக்கும். ஃபில்டருக்கு அரைத்த தூள் இதற்கு உதவாது, இரண்டு காரணம். ஒன்று, அது ரவை பதம். இதற்கு வேண்டியது விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும் பதம். இரண்டு, சிக்கரி. சிக்கரி தண்ணீரில் கரைந்து கஷாயத்தைக் கொழகொழவென்று ஆக்கும், கோப்பையின் அடியில் வண்டல் படியாது, கசப்பு மட்டும் மேலே நிற்கும். கடையில் கொட்டையாகவே வாங்குங்கள்: அராபிக்கா, பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி, மிதமான வறுவல், வறுத்து ஒரு மாதத்துக்குள். வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் வாயுவும் மிக நுண்ணிய தூளும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன. பழைய தூளில் என்ன வித்தை காட்டினாலும் நுரை வராது.

துருக்கியில் காபிச் செடி விளைவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். துருக்கியரின் ஆட்டோமான் பேரரசுக் காலத்தில் யேமனிலிருந்து வந்தது. சிக்மகளூர் மலைக்குப் பாபா புடன் ஏழு கொட்டை கொண்டுவந்தார் என்று மரபாகச் சொல்கிறோமே, அதுவும் யேமன் கொட்டைதான். அதனால் நம் தென்னகத்து அராபிக்கா இந்தப் பாத்திரத்துக்கு அந்நியம் ஆகாது.

போடும் முறை இது. ஒரு கோப்பைக்கு 70 மில்லி தண்ணீர், 7 கிராம் தூள். குவித்து எடுத்தால் இரண்டு டீஸ்பூன். தண்ணீரைப் பரிமாறும் கோப்பையாலேயே அளந்து ஊற்றுங்கள். அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள், காபிக்கும் அப்படித்தான். வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து உப்பேறிய போர் தண்ணீரில் போட்டால் காபி மந்தமாக, சுண்ணாம்பு வாடையோடு வரும். அங்கே கேன் தண்ணீர் பயன்படுத்துவது நல்லது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். வெந்நீரில் தொடங்கினால் தூள் கட்டி கட்டியாக மிதக்கும், சாரம் இறங்க நேரம் இருக்காது. சர்க்கரையும் இப்போதே போட வேண்டும், பிறகு கலக்கினால் வண்டல் கிளம்பிவிடும். அதனால்தான் அங்கே காபி போடும் முன்பே கேட்டுக்கொள்வார்கள்: சாதே என்றால் சர்க்கரை இல்லாமல், ஆஸ் ஷெகெர்லி என்றால் கொஞ்சம், ஓர்த்தா என்றால் நடுத்தரம். கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்பது ஓர்த்தா.

தண்ணீர், தூள், சர்க்கரை மூன்றையும் ஜெஸ்வேயில் போட்டு, கட்டி இல்லாமல் கலக்கி, மிகச் சிறிய சுடரில் வையுங்கள். வைத்த பிறகு ஸ்பூனைத் தொடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஓரத்தில் வளையமாக நுரை கட்டி நடுவை நோக்கி நெருங்கும், பிறகு மொத்தமாக எழும்பும். குறுகிய கழுத்து எதற்கு என்பது இப்போது தெரியும்; நுரையை நெருக்கிக் கெட்டியாக்குகிறது. விளிம்பைத் தொடுவதற்கு முன் இறக்கி, நுரையை ஸ்பூனால் இரண்டு கோப்பைக்கும் சமமாகப் பங்கிடுங்கள். மீண்டும் அடுப்பில் வைத்து ஒருமுறை எழும்பியதும், கோப்பையின் ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள். பொங்கவிட்டால் நுரை முழுக்க உடைந்துபோகும், கருகிய கசப்பு ஏறும். பெட்டியோடு வரும் குறிப்புச் சீட்டில் மூன்று முறை கொதிக்கவிடச் சொல்லியிருப்பது தவறு. எழும்ப வேண்டும், கொதிக்கக் கூடாது. ஊற்றியபின் இரண்டு நிமிடம் காத்திருந்தால் தூள் அடியில் படியும். கடைசி ஒரு செ.மீ. குடிப்பதற்கல்ல.

பால் சேர்க்க ஆசைப்படாதீர்கள். பால் அடிப்பிடிக்கும், அதைச் சுரண்டும்போது ஈயம் போகும். பால் காபி வேண்டுமென்றால் நம் ஃபில்டரை விட்டால் உலகத்தில் வேறு நல்ல கருவி இல்லை. கருப்பட்டி போட்டுப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் கட்டியாகப் போட்டால் அதிலுள்ள மண்ணும் தூசும் வண்டலோடு சேர்ந்துவிடும். தனியாகக் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஆறவைத்துத் தொடங்குங்கள். உடன்குடிக் கருப்பட்டியின் மணம் தூக்கலாக இருப்பதால் காபியின் மெல்லிய வாசனை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது மட்டும் குறை.

அரைப்பானைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேல் மூடியைக் கழற்றிக் கொட்டையைப் போட்டு, மடக்குக் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். இரும்புப் பற்களின் அடியில் இருக்கும் திருகை இறுக்கினால் தூள் நைசாகும். இரண்டு கோப்பைக்கான 14 கிராமை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர ஏழெட்டு நிமிடம் ஆகலாம், தோள் வலிக்கும். அவசரப்பட்டுத் திருகைத் தளர்த்தினால் ரவைதான் விழும். முதலில் இருபது கிராம் கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுங்கள், உள்ளே தங்கிய உலோகத் துகளும் எண்ணெயும் அதோடு போகும். தண்ணீரில் கழுவினால் பற்கள் துருப்பிடிக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும்.

கோப்பைக்கு அங்கே ஃபிஞ்சான் என்று பெயர். பாரசீகத்தின் பிங்கான்தான் அரபியில் ஃபிஞ்சான் ஆனது. நம் பீங்கானும் அந்தச் சொல்லின் உறவு. பழைய ஃபிஞ்சானுக்குக் காது கிடையாது. கை சுடாமல் இருக்க ஸர்ஃப் என்ற உலோகக் கூட்டுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். டம்ளருக்கு டபரா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டில் வருவது காது வைத்த இக்காலக் கோப்பை, 70 மில்லி, விளிம்பு மெல்லியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நுரை சுருங்கும்.

இந்தச் செட்டை வெறும் சமையல் சாமானாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியை இழந்துவிடுவோம். துருக்கிக் காபிப் பண்பாட்டையும் மரபையும் 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியபடி, 1554-55 வாக்கில் அலெப்போவிலிருந்து ஹகெம், டமாஸ்கஸிலிருந்து ஷெம்ஸ் என்ற இருவர் வந்து இஸ்தான்புல்லின் தஹ்தகாலே பகுதியில் காபிக் கடை திறந்தார்கள். புத்தகம் படிப்பவரும், சதுரங்கம் ஆடுபவரும், கவிதை சொல்பவரும் அங்கே கூடினார்கள். கூடினால் அரசியலும் பேசுவார்கள் அல்லவா? 1633-இல் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடச் சொன்னார், கடுந்தண்டனையும் விதித்தார். காபி போகவில்லை. காலை உணவுக்குத் துருக்கியில் கஹ்வால்த்தி என்று பெயர். காபிக்கு முன் வயிற்றுக்குப் போடுவது என்று பொருள். பழுப்பு நிறத்தையே காபி நிறம் என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் யேமன் கைவிட்டுப் போய்க் காபி விலை ஏறியபோது கருங்கடல் ஓரத்து ரிசேயில் தேயிலை வளர்த்தார்கள். இன்று அங்கே நாள் முழுக்க ஓடுவது தேநீர். காபி விருந்தாளிக்கும், பெரிய பேச்சுக்கும், கல்யாணக் காரியத்துக்கும்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணே காபி போட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. மாப்பிள்ளைக் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போடுவார்கள். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலி என்று சிரித்துக்கொள்வார்கள். ஒரு கோப்பைக் காபிக்கு நாற்பது ஆண்டு நன்றி உண்டு என்பது அவர்கள் பழமொழி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

காபியோடு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் வைக்க வேண்டும். காபிக்கு முன் குடித்து நாக்கைச் சுத்தம் செய்யத்தான் அது. இனிப்புக் கிண்ணத்தில் அங்கே வைப்பது லோகும், மாவுச்சத்தும் சர்க்கரையும் காய்ச்சி ரோஜா மணம் சேர்த்த துண்டுகள். நம் ஊரில் கை தானாக அல்வாவுக்குப் போகும். அல்வா என்ற சொல்லும் துருக்கியின் ஹெல்வாவும் ஒரே அரபு வேரில் வந்தவைதான், ஆனால் நம் அல்வாவின் நெய் நாக்கில் படலமாக ஒட்டி, அடுத்து வரும் காபியின் நறுமணத்தை மறைத்துவிடும். பனங்கற்கண்டு இரண்டு கட்டி வையுங்கள், பொருத்தமாக இருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: துருக்கியர் விருந்தாளியாக வந்தால் ரவை ஹெல்வாவைப் பற்றிக் கவனமாகப் பேசுங்கள், துக்க வீட்டில் கிண்டிப் பங்கிடும் பண்டமாகவும் அது அங்கே வழக்கத்தில் இருக்கிறது.

பராமரிப்பில் நம் நல்ல பழக்கமே எதிரியாகிவிடுகிறது. செம்பு, பித்தளை என்றாலே புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் துலக்குவோம். வெளிப்பக்கம் தாராளமாகச் செய்யலாம். உள்ளே புளி, பாத்திரத் தூள், கம்பி நார், ஸ்கிரப்பர் எதுவும் படக் கூடாது. ஈயச்சொம்பில் புளி ரசம் வைக்கிறோமே என்று கேட்கலாம். அது முழுக்க வெள்ளீயம், ஒரு சுற்றுத் தேய்ந்தாலும் உள்ளே இன்னும் வெள்ளீயம்தான். இங்கே இருப்பது தாளைவிட மெல்லிய பூச்சு, அதற்கு அடியில் செம்பு. வெந்நீரும் விரலும் மெல்லிய துணியும் போதும். கழுவியதும் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே சாம்பல் நிறம் ஏறுவது இயல்பு, அதைத் தேய்த்து வெளுப்பாக்க முயல வேண்டாம்.

மிகப் பெரிய விபத்து வெறும் ஜெஸ்வேயை அடுப்பில் மறந்துவிடுவது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. காலியாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் பூச்சு இளகி, பாதரசம் போல மணி மணியாகத் திரளும். அப்படித் திரண்டால் அணைத்துவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். மறுபடி பூசாமல் அதில் காபி போடக் கூடாது.

தினமும் ஒரு முறை போடும் வீட்டில் சில ஆண்டுகளில் உள்ளே செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். கீறல் போல மெல்லிய கோடு தெரிவதால் பயமில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு ஈயம் பூசக் கொடுங்கள். தெருவில் குரல் கொடுத்து வந்த ஈயம் பூசுகிறவர்கள் அருகிவிட்டார்கள். டவுன் ரத வீதிப் பாத்திரக் கடைகளிலும் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் விசாரித்தால் ஆள் சொல்வார்கள். துருக்கியில் ஈயம் பூசுகிறவரான கலாய்ஜி செய்வதும் நம்மவர் செய்வதும் ஒரே வேலைதான்: பழைய அழுக்கை நீக்கி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தொட்டு உருக்கி, பஞ்சால் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். அவர்கள் நிஷாதிர் என்பது நம் நவச்சாரம்தான். சூட்டில் அது பிரிந்து வரும் அமில ஆவி செம்பின் மேலுள்ள கறையைத் தின்றுவிடும். அந்த வெள்ளைப் புகை எழும்பாமல் பூசினால் ஈயம் ஒட்டாது, சில நாளில் செதில் செதிலாக உரியும்.

பூசக் கொடுக்கும்போது வெள்ளீயத்தை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு சின்னப் பாத்திரத்துக்கு 25 கிராம் தாராளம். கட்டியை வாங்கும்போது மெல்லிய கம்பியாக இருந்தால் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது கறகறவென்று மெல்லிய ஓசை எழுப்பும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். வெள்ளைத் தாளில் இழுத்தால் காரீயம் பென்சில் போலக் கறுப்புக் கோடு போடும். கூடியவரை பூசும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கைப்பிடி ஆணித் தலையும் ஊற்றும் மூக்கும் விடுபடும் இடங்கள். வாங்கி வந்ததும் நவச்சார மிச்சம் போக சோப்பு நீரில் கழுவி, இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். பிறகு முதல் காபியைச் சர்க்கரை இல்லாமல், சாதேயாகப் போட்டு ஒரு வாய் பாருங்கள். நாக்கில் உலோக ருசி தட்டினால் பூச்சு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.